‘ஒன் பெர்சென்ட் லோ’ பிறந்த கதை

2012 டிசம்பரில் அமெரிக்கச் சந்தையில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் நேருக்கு நேர் நின்றன. ஒன்று ஏ.எம்.டி.யின் ரேடியான் எச்.டி. 7950, மற்றது என்விடியாவின் ஜீஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 660 டிஐ. இரண்டுமே ஏறத்தாழ 300 டாலர். காகிதத்தில் ரேடியானின் கைதான் ஓங்கியிருந்தது. அதற்கு 3 ஜி.பி. மெமரி, 384 பிட் பாதை, நொடிக்கு 240 ஜி.பி. வேகம். ஜீஃபோர்ஸுக்கு 2 ஜி.பி., 192 பிட், நொடிக்கு 144 ஜி.பி. கேம்களை ஓட்டி, நொடிக்கு எத்தனை பிரேம் (எஃப்.பி.எஸ்.) வருகிறது என்று சராசரி எடுத்தால் பலவற்றில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. ஆனால் ஸ்கைரிம் என்ற கேமில் வெட்டவெளியில் நடந்துபோனால், ரேடியானில் படம் அங்கங்கே திக்கியது. கண்ணுக்குத் தெரிந்தது, கணக்கில் வரவில்லை.

அந்தத் திக்கலைக் கணக்குக்குள் இழுத்து வந்த அளவுதான் இன்று ‘ஒன் பெர்சென்ட் லோ’ என்ற பெயரில் உலவுகிறது. எந்த இரண்டு கார்டை யார் ஒப்பிட்டாலும், சராசரிக்குப் பக்கத்தில் அதையும் போடாவிட்டால் இப்போது ஒப்பீடு எடுபடாது. ஒரே நாளில் யாரோ உட்கார்ந்து கண்டுபிடித்ததல்ல அது. முந்தைய ஒவ்வோர் அளவிலும் விழுந்த ஓட்டையை அடைக்கப் போய், கடைசியில் வந்து சேர்ந்த இடம்.

முதல் அளவு டூமில் பிறந்தது. 1993 டிசம்பரில் ஐ.டி. சாஃப்ட்வேர் வெளியிட்ட அந்த கேமில் ‘டைம்டெமோ’ என்றொரு கட்டளை இருந்தது. முன்பே பதிவு செய்த ஓர் ஆட்டத்தை, கம்ப்யூட்டரால் முடிந்த மட்டும் வேகமாக ஓட்டித் தீர்க்கும். மூன்றாவது டெமோவை ஓட்டினால், முடிவில் டாஸ் திரையில் ஒரே ஒரு வரி வரும்: 2134 கேம்டிக், இத்தனை ரியல்டிக். ஒரு கேம்டிக் ஒரு பிரேம், ரியல்டிக் கடிகாரத்தின் துடிப்பு; டூமின் கடிகாரம் நொடிக்கு 35 முறை துடிக்கும். ஆகவே 2134-ஐ 35-ஆல் பெருக்கி, ரியல்டிக் எண்ணால் வகுத்தால் நொடிக்கு எத்தனை பிரேம் என்று தெரியும். வகுக்கிற வேலை நம்முடையது.

1996 ஜூனில் வந்த குவேக் அந்த வேலையையும் தானே எடுத்துக்கொண்டது. ‘டைம்டெமோ டெமோ1’ என்று தட்டினால் 969 பிரேம்களை ஓட்டிவிட்டு, ஆன நொடிகளையும் எஃப்.பி.எஸ்.ஸையும் சொல்லிவிடும். அதே ஆண்டில் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ சில்லு 4 எம்.பி. மெமரியோடு கார்டுகளில் ஏறிச் சந்தைக்கு வந்தது. 1997 ஜனவரியில் ஐ.டி. சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக் குவேக்கின் ஜி.எல். வடிவத்தை வெளியிட்டார். அதுவரை பிராசஸர் மூச்சுவாங்க வரைந்த காட்சியைக் கார்டு வாங்கிக்கொண்டு வரைந்தது. எந்தக் கார்டு வேகம் என்பது காசு கொடுப்பவரின் கேள்வியானது. பதில் சொல்ல டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளம் வந்தது. 14 வயதுச் சிறுவனான ஆனந்த் லால் ஷிம்பி 1997-இல் ஆனந்த்டெக் தளத்தைத் தொடங்கினான். எல்லோரும் ஒரே டெமோவை ஓட்டினார்கள், ஒரே எண்ணை அச்சிட்டார்கள்.

எல்லோரும் ஒரே டெமோவை ஓட்டுகிறார்கள் என்பது கார்டு செய்பவர்களுக்கும் தெரியும். வினை அங்கே தொடங்கியது.

2001 அக்டோபரில், பின்னாளில் ஏ.எம்.டி. வாங்கிய ஏ.டி.ஐ. தன் ரேடியான் 8500-ஐ என்விடியாவின் ஜீஃபோர்ஸ்3 டிஐ 500-க்கு எதிரே இறக்கியது. குவேக் 3-இல் ரேடியானின் எண்கள் அழகாக இருந்தன. ஹார்டுஓசிபி என்ற விமர்சனத் தளம் ஒரு வேடிக்கை செய்தது. கேமின் இயங்கு கோப்பில் ‘குவேக்’ என்ற பெயர் இருந்த இடங்களையெல்லாம் ‘குவாக்’ என்று மாற்றி ஓட்டியது. கேமில் வேறொன்றும் மாறவில்லை. ஆனால் வேகம் குறைந்தது, சுவர், தரைப் படங்களின் தரம் கூடியது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் கேமின் பெயரைப் பார்த்து, அந்த ஒன்றுக்கு மட்டும் படத்தின் நுணுக்கத்தைக் குறைத்து வேகம் காட்டியிருந்தது. பின்னால் வந்த டிரைவரில் தரம் திரும்பிவிட்டது, வேகமும் பெரிதாகக் கெடவில்லை. ஏ.டி.ஐ.யின் பெயர்தான் கெட்டது.

அடுத்த முறை மாட்டியது என்விடியா. ஃபின்லாந்தின் ஃப்யூச்சர்மார்க் செய்த 3டிமார்க்03 என்ற சோதனையில் கேமரா எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். ஜீஃபோர்ஸ் எஃப்.எக்ஸ். டிரைவருக்கு அந்தப் பாதை மனப்பாடம். கேமரா திரும்பாத பக்கத்தை அது வரையவே இல்லை. கேமராவைப் பாதையிலிருந்து விலக்கிப் பார்க்கும் வசதி சில சோதனையாளர்களிடம் இருந்தது. விலக்கிப் பார்த்தால் வானம் கிழிந்து தொங்கியது. 2003 மே மாதம் ஃப்யூச்சர்மார்க் ஒரு திருத்தம் வெளியிட்டது. அதில் ஜீஃபோர்ஸ் எஃப்.எக்ஸ். 5900 அல்ட்ராவின் மதிப்பெண் 24.1 சதவீதம் சரிந்தது. ரேடியான் 9800 ப்ரோவும் முழுச் சுத்தமில்லை, அதுவும் 1.9 சதவீதம் இறங்கியது. அடுத்த மாதமே என்விடியாவும் ஃப்யூச்சர்மார்க்கும் கூட்டறிக்கை விட்டு, நடந்தது ஏமாற்று அல்ல, ‘ஆப்டிமைசேஷன்’ என்று சமாதானமாகப் போய்விட்டன.

இதற்கெல்லாம் மருந்து, பதிவு செய்த டெமோவை விட்டுவிட்டு ஆள் உட்கார்ந்து நிஜமாக விளையாடி அளப்பது. அதற்கான கருவி 1999-இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தது, பெயர் ஃப்ராப்ஸ். எந்த கேமானாலும் திரையின் மூலையில் மஞ்சள் நிறத்தில் எஃப்.பி.எஸ். ஓடும். பாதையை மனப்பாடம் செய்யும் வித்தை இதனிடம் செல்லவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் எழுதிக்கொண்டது மறுபடியும் சராசரிதான்.

மணிக்கு 6 பஸ் என்று கால அட்டவணை சொல்கிறது. ஐந்து பஸ் வால்பிடித்து ஒன்றாக வந்துவிட்டு, அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க நேர்ந்தாலும் அட்டவணை பொய்யில்லை. நிறுத்தத்தில் நிற்பவனிடம் கேட்டால் வேறு கதை சொல்வான். பிரேமும் அப்படியே. ஒரு நொடியில் 60 பிரேம் வருகிறது என்று வையுங்கள். அதில் 59 பிரேம் தலா 15 மில்லிசெகண்டில் வந்தால் 885 ஆயிற்று. மீதி ஒன்று 115 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் சரியாக 1000. கணக்குப்படி 60 எஃப்.பி.எஸ்., முழு மதிப்பெண். விளையாடுபவருக்கோ, ஒழுங்காக வந்திருந்தால் ஏழு பிரேம் வந்திருக்க வேண்டிய நேரம் படம் உறைந்து நின்றது. துப்பாக்கிச் சண்டையின் நடுவில் என்றால் ஆட்டமே போயிருக்கும்.

2011 செப்டம்பரில் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஆசிரியர் ஸ்காட் வாசன் இந்த இடத்தில் கை வைத்தார். நொடி என்பது மிக நீளமான காலம், அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கட்டுரையின் சாரம். ஒவ்வொரு பிரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கோப்பில் எழுதிவைக்கும் வசதி ஃப்ராப்ஸிலேயே இருந்தது. அந்தக் கோப்பை வைத்து அவர் பிரேம்களை வேகமானதிலிருந்து மெதுவானதுவரை வரிசைப்படுத்தினார். 100-க்கு 99 பிரேம்கள் எத்தனை மில்லிசெகண்டுக்குள் வந்துவிட்டன என்று பார்த்து, அந்த எண்ணைக் கார்டின் தகுதியாக வைத்தார். அதற்கு 99-ஆவது பெர்சென்டைல் என்று பெயர். 50 மில்லிசெகண்டைத் தாண்டிக் காத்திருந்த நேரத்தையும் தனியாகக் கூட்டிப் போட்டார்.

இந்த அளவு ஊரறிய ஜெயித்தது 2012 டிசம்பரில், எச்.டி. 7950-க்கும் 660 டிஐ-க்கும் நடந்த போட்டியில்தான். சராசரியில் சமாளித்த ரேடியான், பெர்சென்டைலில் பின்தங்கியது. நம்பாதவர்களுக்காக வாசன் நொடிக்கு 240 படம் எடுக்கும் கேமராவால் ஸ்கைரிம் ஓடும் திரையைப் படம்பிடித்து, இரண்டையும் அருகருகே மெதுவாக ஓட்டிக் காட்டினார். ஜீஃபோர்ஸ் வழுக்கிக்கொண்டு போக, ரேடியான் நின்று நின்று போனது அதில் யாருக்கும் தெரிந்தது. ஏ.எம்.டி. மறுக்கவில்லை. கோளாறு சில்லில் இல்லை, டிரைவரில் இருந்தது. 2013 தொடக்கத்திலேயே சில கேம்களுக்குத் திருத்தம் வந்துவிட்டது. மெமரியைக் கையாளும் பகுதியையே புதிதாக எழுதுவதாகவும் நிறுவனம் அறிவித்தது. அதே கார்டு, அதே சில்லு, திக்கல் மட்டும் குறைந்தது. அதுவரை அந்தத் திக்கல் பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம், அதை எண்ணாக்கிக் காட்டும் வழக்கம் இல்லாததுதான்.

ஃப்ராப்ஸுக்கும் ஓர் ஓட்டை இருந்தது. கேம் ஒரு பிரேமை வரையச் சொல்லி ஒப்படைக்கும் நேரத்தைத்தான் அது குறிக்கும். அந்தப் பிரேம் திரைக்கு எப்போது வந்தது என்பது அதற்குத் தெரியாது. 2013 மார்ச்சில் என்விடியா தன் எஃப்கேட் கருவிகளை விமர்சகர்களுக்குத் திறந்துவிட்டது. ஒவ்வொரு பிரேமின் ஓரத்திலும் வேறு வேறு நிறத்தில் ஒரு பட்டை வரும். மானிட்டருக்குப் போகும் படத்தை இன்னொரு கம்ப்யூட்டர் பதிவு செய்து, எந்த நிறம் திரையில் எத்தனை வரி நின்றது என்று எண்ணும். இரண்டு ரேடியான்களை இணைத்து ஓட்டும் கிராஸ்ஃபயர் முறையின் குட்டு இதில் உடைந்தது. சில பிரேம்கள் திரையில் ஒரு கீற்று உயரத்துக்கு மட்டுமே தலைகாட்டின. ஃப்ராப்ஸ் அவற்றையும் முழுப் பிரேமாக எண்ணியிருந்தது. அந்த ஆகஸ்டில் ஏ.எம்.டி. பிரேம்களைச் சீரான இடைவெளியில் அனுப்பும் டிரைவரை வெளியிட்டது. கருவியைத் தந்தவர் போட்டியாளர் என்பதற்காக அது காட்டிய படம் பொய்யாகிவிடவில்லை.

மில்லிசெகண்ட் என்றால் வாசகருக்குத் தலைகீழ்க் கணக்கு, எண் குறைந்தால்தான் நல்லது. அதைத் திருப்பி எஃப்.பி.எஸ்.ஸாகவே சொன்னபோது ‘ஒன் பெர்சென்ட் லோ’ என்று பரவியது. 33.3 மில்லிசெகண்ட் என்பது 30 எஃப்.பி.எஸ். ஒரு நிமிடம் 60 எஃப்.பி.எஸ். ஓடினால் 3600 பிரேம். அதில் மிக மெதுவான 36 பிரேம்களின் வேகம்தான் இந்த எண். சிலர் அந்த 36-இன் சராசரியைத் தருவார்கள், சிலர் 36-ஆவது பிரேம் நிற்கும் எல்லையைத் தருவார்கள். இரண்டு வழிக்கும் விடை வேறு. ஒருவர் அளந்த எண்ணை இன்னொருவர் அளந்ததோடு ஒப்பிடக் கூடாது என்பது இதனால்தான்.

பழைய கார்டுகளில் இந்த எண்ணின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். 2016 ஆகஸ்டில் வந்த ஜி.டி.எக்ஸ். 1060 3 ஜி.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றானாலும் 6 ஜி.பி. கார்டின் 1280 கோர்களுக்கு இதில் 1152-தான். அதன் நேர் எதிரி 2017 ஏப்ரலில் வந்த ஆர்.எக்ஸ். 570 4 ஜி.பி. கேம் கேட்கும் படங்கள் 3 ஜி.பி.க்குள் அடங்கும்வரை 1060 கெத்தாக ஓடும். அடங்காதபோது மிச்சத்தை மதர்போர்டு வழியாக ராமிலிருந்து இழுக்க வேண்டும். கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 192 ஜி.பி. தரும், மதர்போர்டின் பாதை 16 ஜி.பி.க்கு மேல் தராது. அந்த இழுவையில் மாட்டும் பிரேம்கள் சில என்பதால் சராசரி கொஞ்சம்தான் இறங்கும், ஒன் பெர்சென்ட் லோ குப்புற விழும். கார்டு வயதாகிறது என்பதன் முதல் அறிகுறி பெரும்பாலும் இதுதான்.

விலைக் கணக்கும் இதோடு மாறும். ஒரு கார்டு 8,000 ரூபாய், சராசரி 62, லோ 31 என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று 8,500 ரூபாய், சராசரி 58, லோ 46. சராசரியால் வகுத்தால் ஒரு பிரேமுக்கு முதல் கார்டில் 129 ரூபாய், இரண்டாவதில் 147. முதலாவது லாபம். லோவால் வகுத்தால் 258-க்கு 185, கதை தலைகீழ். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் போட வேண்டியது இரண்டாவது கணக்கு. அதையும் ஐந்து நிமிட ஓட்டத்தில் எடுக்கக் கூடாது. கிரிப்டோ மைனிங்கில் மாதக்கணக்காக வெந்த கார்டு, சூடேறிய பிறகுதான் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஓடவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தை அளப்பது உத்தமம்.

ஸ்காட் வாசன் பிற்பாடு ஏ.எம்.டி.யிலேயே வேலைக்குச் சேர்ந்தார். குறை சொன்னவரையே கூட்டி வந்து உட்காரவைத்ததில் அந்த நிறுவனத்துக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஒன் பெர்சென்ட் லோவுக்கும் இப்போது ஓட்டை விழத் தொடங்கியிருக்கிறது. 2022-இல் என்விடியாவும் 2023-இல் ஏ.எம்.டி.யும் கொண்டுவந்த பிரேம் ஜெனரேஷன், இரண்டு நிஜப் பிரேம்களுக்கு நடுவே கணித்த பிரேம் ஒன்றைச் செருகுகிறது. சராசரியும் ஏறும், லோவும் ஏறும். மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையே உள்ள நேரம் மட்டும் குறையாது, கொஞ்சம் கூடவும் செய்யும். ஏ.எம்.டி.யின் முறை பழைய கார்டுகள் சிலவற்றிலும் ஓடும் என்பதால், விற்பவர் காட்டும் எஃப்.பி.எஸ்.ஸில் பாதி கணிப்பாக இருக்கக்கூடும். இரண்டு கார்டை ஒப்பிடும்போது முதலில் அதை ஆஃப் செய்துவிட்டு அளக்க வேண்டும். வாங்கி மாட்டிய பிறகு ஆன் செய்து விளையாடுவது அவரவர் இஷ்டம்.