பந்தயத்தை வெல்வது டயரா, நேரமா?

சுங்கை பாக்காப் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது புதிதல்ல. விடியற்காலையில் மேகம் திரண்டால் வெட்டுவதா, காத்திருப்பதா? வெட்டிய பிறகு மழை கொட்டினால் மங்கிலிருக்கும் பாலெல்லாம் வீண். காத்திருந்து மழை வராமல் போனால் அன்றைய கூலி போச்சு. அதே ரப்பர் பெயரைத் தாங்கி ஓடும் டயர்களுக்கும் இதே சோதனைதான் செப்பாங்கில் நடந்தது.

1999 முதல் 2017 வரை 19 பார்முலா ஒன் பந்தயங்களைக் கண்ட திடல் அது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், மொத்தம் 56 சுற்றுகள். ஒரு பக்கம் தார்ச்சாலையைக் கொதிக்க வைக்கும் வெயில். மறுபக்கம் சொல்லாமல் வந்து கொட்டும் மழை.

சக்கரம் மாற்றும் ஆட்களின் வேகமே வெற்றி என்று வாதிடுவோர் உண்டு. 2010ஆம் ஆண்டு முதல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பத் தடை வந்ததால், பிட்டில் நிற்பது டயருக்காகத்தான் என்றாகிவிட்டது. 2013இல் இதே செப்பாங்கில் ரெட்புல் அணி வெப்பரின் நான்கு டயர்களையும் 2.05 விநாடியில் மாற்றி அசத்தியது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கைவேகத்தால் மிஞ்சுவது அரை விநாடி. பிட்டுக்குள் நுழைந்து வெளியேறும்போது போவதோ இருபது விநாடிக்கு மேல். அப்படியானால் எத்தனை முறை நிற்பது, எப்போது நிற்பது என்பதே பெரிய கேள்வி.

2009 ஏப்ரல் 5. மழை வரப்போகிறது என்று நம்பிய பெராரி அணி, 18ஆவது சுற்றில் ராய்க்கோனனுக்கு முழு மழை டயரை மாட்டியது. சாலையோ காய்ந்து கிடந்தது. மழை வருவதற்குள் டயர் தேய்ந்து நாசமானது. மழை வந்தது, கணிப்பு பொய்க்கவில்லை. சில சுற்றுகள் முந்திக்கொண்டதுதான் பிழை. பிறகு கொட்டிய மழையில் பந்தயமே நின்றுபோக, முதலிடம் பெற்ற பட்டனுக்குப் பாதிப் புள்ளிகளே கிடைத்தன.

2012 மார்ச் 25. தூறலில் பெரும்பாலோர் இடைநிலை டயரோடு புறப்பட்டனர். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனோ கடைசி வரிசையில், மிகப் பலவீனமான எச்ஆர்டி காரில், முழு மழை டயரோடு கிளம்பினார். மழை வலுத்தது. மற்றவர்கள் டயர் மாற்ற ஓடியபோது அவர் நிற்காமல் முன்னேறினார். பந்தயம் நிறுத்தப்பட்டபோது பத்தாவது இடத்தில் இருந்தார்! மீண்டும் தொடங்கியதும் பட்டன், வெட்டல் ஆகியோரின் கார்களோடு உரசல். கடைசியில் 20 விநாடி தண்டனை. ஆனாலும் அந்தச் சில நிமிடங்கள், பணபலத்தைச் சரியான முடிவு எட்டிப்பிடிக்கும் என்பதற்குச் சாட்சி. அதே நாளில் முதல் சுற்றிலேயே மழை டயருக்கு மாறிய சாபர் அணியின் பெரெஸ் இரண்டாமிடம் பெற்றார். உலர்தரை டயருக்கு அலொன்சோவைவிட ஒரு சுற்று தாமதமாக மாறியது அவருக்குப் பெரும் இழப்பானது. அலொன்சோ வென்ற இடைவெளி இரண்டே கால் விநாடிதான்.

2015இல் கதை வெயிலுடையது. நான்காவது சுற்றில் பாதுகாப்புக் கார் வந்ததும் மெர்சிடிஸ் அணியின் இருவரும் பிட்டுக்குள் நுழைந்தனர். பெராரியின் வெட்டல் நுழையவில்லை. கொதிக்கும் சாலையில் டயரைப் பக்குவமாக ஓட்டி, இரண்டே முறை நின்றார். ஹாமில்டன் மூன்று முறை நின்றார். வேகமான கார் தோற்றது. டயரைக் காத்த கார் வென்றது.

ஆக, டயரா நேரமா என்று பிரித்துப் பார்ப்பதே சரியல்ல. நல்ல டயர் தவறான வேளையில் சுமை. நல்ல வேளையைத் தவறவிட்டால் எந்த டயரும் துணைக்கு வராது. பால்மரக் காட்டில் வானம் பார்த்தவர்களுக்கு இது என்றோ தெரிந்த பாடம்.