புகைக்கரியும் நூறு ஆண்டுத் தாமதமும்



நீங்கள் நடந்து செல்லும் தெருக்களில் பழைய வீடுகளின் கூரைகளை அண்ணாந்து பாருங்கள். அங்கே வரிசையாக நிற்கும் புகைபோக்கிகள் பலவற்றில் இன்று புகை இல்லை. முற்காலத்தில் இந்நகரின் ஏழைச் சிறுவர்கள் இத்தகைய குழாய்களுக்குள் ஏறிக் கரியைச் சுரண்டினார்கள்.

1775-ஆம் ஆண்டு, இலண்டன் புனித பர்த்தலோமேயு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் ஓர் உண்மையை எழுதி வெளியிட்டார். புகைபோக்கி துடைத்த சிறுவர்களுக்கு, வளர்ந்தபின் விதைப்பையில் புற்றுநோய் தோன்றுகிறது. தோல் மடிப்புகளில் தங்கிய கரியே காரணம் என்றார். 1788-இல் எட்டு வயதுக்குக் குறைந்த சிறுவர்களை இவ்வேலையில் அமர்த்தக் கூடாதென்று சட்டம் வந்தது. அதை மதித்தோர் சிலரே. சிறுவர்கள் குழாய் ஏறுவது 1875-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே ஓய்ந்தது. அறிவதற்கும் திருந்துவதற்கும் இடையே நூறு ஆண்டுகள்!

கரிக்குள் இருந்த நஞ்சு எது? நம் பகுதிக்குச் சில மைல் தொலைவிலுள்ள ஃபுல்ஹாம் வீதிப் புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் எர்னஸ்ட் கென்னவே குழுவினர் இரண்டு தொன் நிலக்கரிக் கீலைப் பகுத்து, 1933-இல் பென்சோபைரீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர்.

அதே 1933-இல், யூதர் என்பதால் ஜெர்மனியில் ஆசிரியப் பணியை இழந்த சார்லட் அவர்பாக் எடின்பரோவில் அடைக்கலம் புகுந்தார். அவரும் ஜே. எம். ராப்சனும் மஸ்டர்ட் வாயு என்ற போர் நஞ்சைப் பழ ஈக்கள்மீது செலுத்தி, வேதிப்பொருள் மரபணுவையே மாற்ற வல்லது என்று நிறுவினர். போர்க்கால இரகசியத்தால் அம்முடிவு 1946-இல்தான் வெளியானது. நாடிழந்து வந்த ஒருவர் உலகிற்குத் தந்த கொடை அது.

பென்சோபைரீனும் அவ்வாறே செயல்படுகிறது. உடலுக்குள் உருமாறி மரபணு இழையில் ஒட்டிக்கொள்கிறது. உயிரணு பிரியும்போது, அவ்விடத்தில் படியெடுப்பு பிழைபடுகிறது. அப்பிழைகள் சேரும்போது புற்று பிறக்கிறது. அதே பொருள் சிகரெட் புகையிலும் உண்டு.

இனி நம் வீட்டிற்கு வருவோம். வெற்றிலைத் தட்டம் நம் மங்கல மரபு. அதை யாரும் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட நூல், புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று உறுதிப்படுத்தியது. மெல்லும்போது பாக்கின் சத்துகளிலிருந்து மரபணுவைச் சிதைக்கும் பொருள்கள் உருவாகின்றன.

வாய்ப்புற்று வந்தவரைப் பார்த்துச் சாபம் என்றோ முன்னோர் பாவம் என்றோ சொல்லாதீர்கள். காரணம் பெயருள்ள ஒரு பொருளாக இருக்கலாம். அதை விலக்க முடியும். தட்டத்தை வரவேற்புக்கு வையுங்கள், மெல்லுவதை விடுங்கள். வாயில் வெண்படலமோ, மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ கண்டால் உடனே மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ காட்டுங்கள். பெரியவர்கள் கூச்சப்பட்டால், பிள்ளைகளே அழைத்துச் செல்லுங்கள்.

அன்று இலண்டன் நூறு ஆண்டு தாமதித்தது; விலை கொடுத்தவர்கள் சிறுவர்கள். நாம் அவ்வளவு காலம் எடுக்க வேண்டாம்.