மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின்: ஒரு கடகடச் சத்தத்தின் வரலாறு

போர்க்கால யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஷெல் சத்தம் இருக்கிறது, பொம்மர் சத்தம் இருக்கிறது. அதே வருசங்களில் தெருவில் நாள் முழுக்கக் கேட்ட இன்னொரு சத்தம் பெரிசாகப் பதிவாகவில்லை. அது மண்ணெண்ணெயில் ஓடின மோட்டச்சைக்கிளின் கடகடப்பு. புளியங்கூடல், சரவணை, நாரந்தனை எண்டு தீவுப்பக்கம் போனால் பழைய ஹொண்டா 90 ஒண்டை இண்டைக்கும் காணலாம். அதை உதைச்சு ஸ்ராட் பண்ணேக்க வாற சத்தத்தை எப்படிப் பிரிச்சுக் கேக்கிறது, அதுக்குள்ள என்ன வரலாறு கிடக்குது எண்டு இந்தக் கட்டுரையில் பாப்பம்.

முதலில் வண்டி. ஹொண்டா சுப்பர் கப் 1958இல் ஜப்பானில் வெளிவந்தது. 2017இல் அதன் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. ஆரம்ப மொடல்களில் வால்வைத் திறக்கிறதுக்குத் தள்ளு கம்பிகள் இருந்தன. 1960களின் நடுப்பகுதியில் காம் ஷாஃப்ற் ஹெட்டுக்கு மேலே போனது. அதைச் சுத்துறதுக்கு ஒரு மெல்லிய செயின் வந்தது. எங்கட மெக்கானிக்மார் அதை ரைமிங் செயின் எண்டுவினம். சி 50, சி 70, சி 90, ஜப்பான் தபால்காரருக்கெண்டு செய்த எம்.டி. 90 எல்லாம் இந்த ஒரே குடும்பம். எஞ்சினுக்குள் இருப்பது ஒரு லீற்றருக்கும் குறைவான ஒயில். கிராங், கியர், கிளச், ரைமிங் செயின் எல்லாத்துக்கும் அதே ஒயில்தான். இதை ஞாபகம் வச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. வடக்குக்குப் பொருட்கள் கொண்டுபோக அரசாங்கம் தடை போட்டது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் எண்டு பட்டியல் நீண்டது. மின்சாரமும் நிண்டுபோனது. தீவுப்பகுதிக்கு அது இரட்டை அடி. 1990 ஓகஸ்டிலும் திரும்ப 1991இலும் நடந்த இராணுவ நடவடிக்கைகளால் ஊர்காவற்றுறை, வேலணை, புளியங்கூடல் சனத்தில் பெரும்பகுதி குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தது. வீடு போச்சு, காணி போச்சு. வண்டியை உருட்டிக்கொண்டு வந்தவைக்கும் அதுக்குள் ஊத்தப் பெற்றோல் இல்லை. களவாக வந்த பெற்றோல் சாதாரண ஆள் தொட முடியாத விலை.

கட்டுப்பாட்டோடையும் விலையோடையும் எண்டாலும் கொஞ்சம் கிடைச்சது மண்ணெண்ணெய். வீட்டில் அதைச் சேமிக்க ஜாம் போத்தலில் சின்னத் திரி போட்ட விளக்கு. தெருவில் அதே மண்ணெண்ணெய் மோட்டச்சைக்கிள் ராங்கிக்குள் போனது. ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, பத்தாது. அதனால் சின்னப் போத்தலில் வச்சிருந்த கொஞ்சப் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாக மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். வெள்ளைப் புகையும் அந்த மணமும் ஒரு தலைமுறைக்கே தெரியும்.

இந்த முறை எங்கட ஊரில் மட்டும் இருந்ததில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரித்தானியாவில் பேர் பெற்ற பேர்கசன் ரி.ஈ. 20 உழவு இயந்திரத்தின் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடியது. எங்கட கடற்தொழிலாளர் போட்டில் பூட்டுற மண்ணெண்ணெய் எஞ்சினும் அப்படித்தான். ஒரு வித்தியாசம் இருக்கு. அந்த எஞ்சின்களைச் செய்தவையே மண்ணெண்ணெய்க்கெண்டு அழுத்த விகிதத்தைக் குறைச்சுச் செய்தவை. ஹொண்டா 90 பெற்றோலுக்கெண்டே பிறந்தது.

அதனால்தான் அந்தக் கடகடப்பு. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் அளவு மிகக் குறைவு. பிளக் பொறி கொடுத்துச் சுவாலை பரவ முதலே, மிச்சக் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாக வெடிக்கும். அந்த அதிர்ச்சி பிஸ்டனில் அடிக்கிற சத்தத்தை ‘நொக்’ எண்டு சொல்லுறம். அது காதுக்குக் கேக்கிற சேதம். கேக்காத சேதம் வேற. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழ இறங்கும். அந்த ஒரு லீற்றருக்கும் குறைவான ஒயில் தண்ணி மாதிரியாகும். றிங், கனெக்ரிங் றொட் பெயாரிங், ரைமிங் செயின் எல்லாம் ஒண்டாகத் தேயும். ஹெட்டில் கரி படிஞ்சால் அழுத்தம் இன்னும் கூடி நொக்கும் கூடும்.

இனி, ஒரு பழைய 90 கடகடக்குது எண்டு வைப்பம். உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் எஞ்சினைத் திறக்கிறது கடைசி வேலை. காது முதல் வேலை. அந்த ஒழுங்கு இண்டைக்கும் சரி.

முதலில் வெளியில் பாருங்கோ. செயின் கவர், சைலன்சர் தகடு, எஞ்சின் பிடிக்கிற போல்ற். உப்புக்காத்தில் கறள் பிடிச்ச தகடு ஒண்டே பாதி ஊரை எழுப்பும். சூடேற முதல் ஒவ்வொண்டாகக் கையால் அமத்திப் பிடிச்சால் சத்தம் நிக்குதோ எண்டு தெரியும்.

பிறகு ஒயில். அளவு கூடியிருந்து மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் மணந்தால் அதை மாத்தாமல் வேற ஒண்டையும் தொடாதேங்கோ.

பிறகு, நீளமான ஸ்குறூ டிறைவர் ஒண்டின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வச்சுக் கேளுங்கோ. ஹெட்டில் ஒழுங்கான ‘டிக் டிக்’ எண்டால் ரப்பெற். குளிர்ந்த எஞ்சினில், பிஸ்டன் அழுத்த அடியின் உச்சியில் நிக்க, இடைவெளி 0.05 மில்லிமீற்றர் இருக்க வேணும். இடப்பக்கம் ‘சரசர’ எண்டு செயின் உரசினால், ஆக்சிலேற்றரை விடேக்க அது கூடினால், ரைமிங் செயின். இழுவையைச் சரிப்படுத்திப் பாக்கலாம். அதுக்கும் அடங்காட்டில் செயினும் ரப்பர் உருளையும் மாத்த வேணும். குளிரில் தட்டி, சூடானவுடன் குறைஞ்சால் பிஸ்டனும் சிலிண்டரும் தேஞ்சிட்டுது. அவசரமில்லை, ஆனால் ஒருநாள் போர் அடிச்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேணும். பின்னுக்கு ஆளை ஏத்திக்கொண்டு பண்ணைப் பாலத்தில் எதிர்காத்துக்கு முறுக்கேக்க மட்டும், தகரப்பேணிக்குள் கல்லுப் போட்டுக் குலுக்கின மாதிரிக் கேட்டால் அது நொக். எரிபொருள், கரி, பொறி விழுற நேரம் மூண்டையும் பாக்க வேணும். அடியிலிருந்து ஆழமாக ‘டக் டக்’ எண்டு வந்தால் கனெக்ரிங் றொட். எஞ்சினை உடனே நிப்பாட்டுங்கோ. ஓடினால் கிராங்கோட போகும்.

இந்த அறிவு எந்தப் பாடநூலிலும் எங்களுக்காக எழுதப்படவில்லை. கராஜ் வாசலில், ஒயில் படிஞ்ச கையால், ஒரு ஆளிலிருந்து இன்னொரு ஆளுக்குப் போனது. 2002இல் ஏ9 பாதை திறந்தது, பெற்றோலும் புது இந்திய வண்டிகளும் வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை பூட்டப்பட, தட்டுப்பாடு திரும்பியது. 2022இல் முழு நாடும் பெற்றோல் வரிசையில் நிண்டது, கியூஆர் கோட் இல்லாமல் ஒரு லீற்றரும் இல்லை. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் பாய, முதலில் அடிபட்டது கடற்தொழிலாளர். தென்னிலங்கைக்கு அது புதுசு. எங்கட அப்பாமாருக்கு அது முப்பது வருசப் பழசு.

நாங்கள் போரைப் பற்றிப் பேசேக்க ஆர் எங்க அடிச்சவை, ஆர் எங்க விழுந்தவை எண்டு பேசுறம். அதுவும் வேணும். ஆனால் முற்றுகைக்குள் சாகாமல் இருந்த சனம், பிரசவத்துக்கு ஆளை ஏத்தினவை, பள்ளிக்கூடத்துக்குப் போன வாத்திமார், எப்படி அசைஞ்சவை எண்டதும் வரலாறுதான். அந்த அசைவைக் காப்பாத்தின மெக்கானிக்மாருக்கு இப்ப அறுபது, எழுபது வயசு. அந்த வண்டிகளில் பலது இரும்புக்கடைக்குப் போட்டுது. உங்கட ஊரில் அப்படி ஒரு ஐயா இருந்தால், பழைய 90 ஒண்டை உருட்டிக்கொண்டு போய் ஸ்ராட் பண்ணிக் காட்டுங்கோ. போனில் றெக்கோட்டிங்கைப் போட்டுட்டு, இது என்ன சத்தம் எண்டு கேளுங்கோ.