மெலியாய்டோசிஸ்

மெலியாய்டோசிஸ், பர்க்கோல்டீரியா சூடோமாலியை என்ற பாக்டீரியாவால் வரும் தொற்றுநோய். நெல்வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இக்கிருமி வாழ்கிறது. காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாகவும், புயல்மழையில் தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதாலும், சில வேளை குடிநீர் மூலமும் உடலுக்குள் புகுகிறது. ஆண்டுதோறும் உலகில் சுமார் 1,65,000 பேருக்கு இந்நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தெற்காசியாவின் பங்கு அதில் பெரிது. ஆகவே இதை அரிய நோய் என்பது சரியல்ல. அரிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோய் என்பதே பொருந்தும்.

ரங்கூனில் மருத்துவர் ஆல்ஃபிரட் விட்மோரும் உதவி மருத்துவர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிரேதப் பரிசோதனைகளின்போது இதைத் தனி நோயாக இனங்கண்டு 1912இல் அறிவித்தனர். மார்ஃபின் ஊசிப் பழக்கத்துக்கு ஆளான ஏழைகளே அப்போது மிகுதியாக மாண்டவர்கள். விட்மோர் நோய் என்ற பெயரும் இதற்கு நிலைத்துவிட்டது. 1917இல் இந்நோய் பற்றித் தனியாகவும் எழுதிய கிருஷ்ணசாமிக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

புதுச்சேரி வட்டாரம் இந்நோய்க்கு ஏற்ற நிலம். தட்டாஞ்சாவடியை அடுத்த கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் நெல் விளையும் ஊர்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். வடகிழக்குப் பருவமழை, வெறுங்காலோடு சேற்றில் இறங்கும் உழைப்பு, கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகிய மூன்றும் இங்கே ஒருசேர அமைகின்றன. இவற்றில் சர்க்கரை நோயே தலையாய ஆபத்துக் காரணி.

மருத்துவரைத் திணறடிப்பது இதன் வேடம். நுரையீரலில் தங்கினால் ஸ்கேன் படத்தில் புற்றுநோய்க் கட்டி போலத் தெரியும். சதைத்துணுக்கை எடுத்துப் பார்த்தால் காசநோய் போலிருக்கும். எலும்பு, கல்லீரல், மண்ணீரல், புரோஸ்டேட் என எங்கும் சீழ் கட்டலாம். காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் காய்ச்சல் தணியாத சர்க்கரை நோயாளியிடம் இதைத் தேடாமல் விடுவது பெரும்பிழை. கிருமி பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கவும் வல்லது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து நோய் வெளிப்பட்டது.

உறுதியான சான்று, கல்ச்சரில் கிருமி வளர்வதே. கிராம் சாயமிட்ட கண்ணாடித் தகட்டில் இரு முனையும் சிவந்து, நடுப்பகுதி வெளிறி, ஊக்கு போலத் தெரியும். மூன்று நான்கு நாளில் கல்ச்சர் தட்டில் அதன் கூட்டங்கள் சுருக்கம் விழுந்து உலர்ந்து போகும். மண்வாசனை எழும் என்றாலும் முகர்ந்து பார்க்கவே கூடாது. வழக்கமான சூடோமோனாஸ் கிருமி என்றோ வெளிக்கலப்பு என்றோ ஒதுக்கப்படுவது இந்த இடத்தில்தான். தட்டில் வைக்கும் ஜென்டாமைசின், கொலிஸ்டின் மருந்து வில்லைகளுக்கு அடங்காமல் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் வில்லைக்கு மட்டும் அடங்கினால் வலுவாகச் சந்தேகிக்கலாம். இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. தாலுகா மருத்துவமனை ஆய்வகமே செய்யலாம்.

செஃப்டசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம் என்பது வழக்கமான சிகிச்சை. உடம்பு தேறிவிட்டது என்று இடையில் நிறுத்துவோருக்கு நோய் திரும்புகிறது.

பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் ஃபேஜ் வைரஸ்களும் இதற்கு எதிராகச் சோதிக்கப்படுகின்றன. இந்தியாவுக்கு இத்துறை புதிதல்ல. கங்கை, யமுனை நீர் காலராக் கிருமியைக் கொல்வதை பாக்டீரியா ஆய்வாளர் ஹான்கின் 1896இல் பதிவு செய்தார்; அது ஃபேஜின் வேலையாக இருக்கலாம் என்று பின்னர் கருதப்பட்டது. ஃபேஜ் ஆய்வின் முன்னோடி ஃபெலிக்ஸ் டெரெல் 1920களில் இங்கே காலரா நோயாளிகளுக்கே அதைக் கொடுத்துப் பார்த்தார். மெலியாய்டோசிஸ் கிருமியை அழிக்கும் ஃபேஜ்கள் தாய்லாந்து மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. ஆனால் இக்கிருமி மனித உயிரணுவுக்குள்ளேயே பதுங்குவதால் ஃபேஜ் அதை எட்டுவது கடினம். போதாததற்கு, சில ஃபேஜ்கள் கிருமியைக் கொல்லாமல் அதன் மரபணுத் தொகுதியிலேயே குடியேறிவிடுகின்றன, அத்தகையவை மருந்தாகா.