பரணிக் கூழ்

காஞ்சிபுரத்தின் தென்கோடியில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது ஓரிக்கை. திருமழிசையாழ்வாரின் சீடரான கணிகண்ணனைப் பல்லவ மன்னன் தன்னைப் பாடும்படி கேட்டானாம். மானிடரைப் பாடேன் என்று அவர் மறுக்க, நாடு கடத்தினான். சீடன் பின்னால் ஆழ்வார் புறப்பட்டார். ஆழ்வார் பின்னால் திருவெஃகாவின் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை'. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பது ஊர்க்கதை.

அரசனைப் பாட மறுத்தவனின் ஊரில் நின்றுகொண்டு, அரசனைப் பாடியதற்காகவே நிலைத்துவிட்ட ஒரு கவிஞரை நினைத்துக்கொண்டது எங்களுக்கே சற்று விநோதமாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் உண்டு. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் முதற்குலோத்துங்கன் (1070–1122) வேட்டையாட வருவது இந்தப் பாலாற்றங்கரைக்குத்தான். காஞ்சி அரண்மனையின் சித்திர மண்டபத்தில் அவன் வீற்றிருக்கும்போதுதான், வடகலிங்க வேந்தன் இருமுறை திறை செலுத்தவில்லை என்ற செய்தி சொல்லப்படுகிறது. கருணாகரத் தொண்டைமான் படையோடு புறப்படுகிறான். கவிஞர் அடுக்கும் ஆறுகளின் வரிசையில் முதலில் நிற்பதும் பாலாறே. தமிழில் எழுதப்பட்டவற்றுள் மிக அதிகமாக இரத்தம் ஓடும் நூலொன்று, இன்று பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் இந்த ஆற்றின் கரையில் தொடங்குகிறது.

இரத்தம் மிகுந்த நூல் என்று சொன்னோம். அது எத்தகைய இரத்தம் என்பதே எங்கள் கேள்வி.

போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்பது இலக்கண மரபு. எனவே மிகை இந்த வகையின் பிறப்புரிமை. களத்தில் பேய்கள் சமைக்கும் காட்சியும் செயங்கொண்டார் கண்டுபிடித்ததன்று. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடும் மாங்குடிகிழார், முடித்தலைகளை அடுப்பாகவும் குருதியை உலைநீராகவும் தொடியணிந்த கையைத் துடுப்பாகவும் முன்பே காட்டிவிட்டார். புறநானூற்றில் சில அடிகளில் முடிந்துபோகும் அந்தக் களவேள்வியைச் செயங்கொண்டார் ஒரு முழுச் சமையற்கட்டாக விரித்தார்.

அந்தச் சமையற்கட்டுக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்கவேண்டும். போர் முடிந்ததும் பேய்கள் நேரே உண்ண அமர்வதில்லை. யானைத் தந்தத்தால் பல் துலக்குகின்றன, யானையின் விலாவெலும்பால் நாக்கு வழிக்கின்றன, அம்பு நுனியால் நகம் களைகின்றன, குருதி ஆற்றில் குளிக்கின்றன. பிறகு தரையை மெழுகி அடுப்பு மூட்டுகின்றன. வீழ்ந்த கலிங்கரின் பற்களே அரிசி. முரசு உரலாகிறது, தந்தம் உலக்கையாகிறது. பரிமாறும்போது பந்தி நடைமுறை சிறிதும் வழுவாது. குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் அவரவர்க்கு ஏற்றபடி பரிமாற வேண்டும். உயிர்க்கொலை செய்யாத, ஒருபொழுதே உண்ணும் சமணப் பேய்க்கு, கூழில் மயிர் கிடக்கிறதா என்று பார்த்து, நிணத்தையே துணியாக்கி வடிகட்டித் தரவேண்டும். (செயங்கொண்டார் தீபங்குடிக்காரர், சமணர் என்று கருதுவோர் உண்டு. அது உண்மையானால், இந்த இடத்தில் அவர் தம் வீட்டுப் பந்தியையே கேலி செய்கிறார்.)

இதைப் படிக்கும்போது நமக்குக் குமட்டுவதில்லை. சிரிப்பு வருகிறது. ஏனென்றால் இங்கே இரத்தம் இரத்தமாக இல்லை, கூழாகிவிட்டது. நம் வீடுகளில் அன்றாடம் நடக்கும் மெழுகல், குற்றல், வடித்தல், பரிமாறல் ஆகியவற்றின் ஒழுங்கு ஒவ்வொரு உறுப்பையும் உடனடியாக ஒரு பாத்திரமாகவோ பண்டமாகவோ மாற்றிவிடுகிறது. வெட்டுண்ட கை எவனுடையது என்று கேட்க அங்கே இடமே இல்லை.

கவிஞருக்கு இது தெரிந்தேயிருந்தது என்று நாங்கள் நினைக்கிறோம். சான்று, நூலின் நடுவே வரும் 'இந்திரசாலம்' என்ற பகுதி. காளியின் முன் ஒரு முதுபேய் வந்து, இமயத்தில் கற்ற வித்தையைக் காட்டுகிறது. யானைத் தலைகளும் குருதி வெள்ளமும் போர்க்களமும் அந்தரத்தில் தோன்றுகின்றன. பசித்த பேய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அள்ளிப் பார்க்கின்றன, கையில் ஒன்றுமில்லை. போதும், இந்த வித்தையை நிறுத்தச் சொல் என்று காளியிடமே முறையிடுகின்றன. கற்பனைக் குருதிக்கு வாயூறும் கூட்டத்தை எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இப்படி எழுதிவைத்திருக்கிறார். வெள்ளித்திரையில் சாயம் பீய்ச்சும் நம் காலத்துப் படங்களைப் பற்றி எழுதப்பட்ட எந்த விமரிசனமும் இவ்வளவு கூர்மையாக எங்களுக்குப் படவில்லை. அந்தப் பேய்களின் வரிசையில் வாசகராகிய நாமும் நிற்கிறோம் என்பதை அவர் சொல்லாமல் விட்டது பெருந்தன்மை.

இனி, நடந்த போர். குலோத்துங்கன் காலத்தில் கலிங்கத்தின்மேல் இரண்டு படையெடுப்புகள் நிகழ்ந்தன. பரணி பாடுவது இரண்டாவதை, ஏறத்தாழ 1110-இல் நடந்ததை. எதிரியான அனந்தவர்மன் சோடகங்கன் அயலானல்லன். சோழ இளவரசி ராஜசுந்தரியின் மகன். பரணியின்படி அவன் ஓடி ஒளிந்தான். வரலாற்றின்படி, 1078-இல் அரியணை ஏறிய அவன் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆண்டு, குலோத்துங்கனுக்குப் பின்னும் வாழ்ந்து, பூரி ஜகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். கலிங்கம் சோழநாட்டின் பகுதி ஆகவில்லை. பேய்கள் கூழுண்டு வாழ்த்திய அந்த வெற்றி, நிலத்தில் அவ்வளவு பெரிதாக இருக்கவில்லை என்பதே உண்மை. எரிந்த ஊர்களும் இறந்த வீரர்களும் மட்டும் உண்மையாகவே இருந்திருக்க வேண்டும்.

அவர்களைப் பரணியில் தேடினால் களத்தில் கிடைப்பதில்லை. தப்பியோடும் சில பாடல்களில் கிடைக்கிறார்கள். அங்கே குருதி மிகக் குறைவு, நகைச்சுவை மிகுதி. வில்லின் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு, கங்கையாட வந்த அந்தணர் நாங்கள் என்கிறார்கள் சிலர். யானையின் மணிகளைத் தாளமாக ஏந்தி, நாங்கள் பாணர், போரைக் கண்டு திகைத்து நின்றோம் என்கிறார்கள் வேறு சிலர். புதர் முட்கள் தலைமயிரைப் பிடுங்கிவிட, இடுப்புக் கலிங்கமும் உரிந்துபோக, அமணராகத் தோன்றியே பிழைத்தவர் பலர். கலிங்கம் என்றால் தமிழில் ஆடை. ஒரு நாட்டின் பெயரே அதன் துணிக்கும் ஆகிவந்த சொல் அது. நெசவூரான காஞ்சியிலிருந்து போன படை கலிங்கரின் கலிங்கத்தை உரித்தது என்ற சிலேடையில் செயங்கொண்டார் மகிழ்ந்திருக்கிறார். எங்களுக்கோ அந்த அம்மணம் சிரிப்பைத் தரவில்லை. பல்லரிசிக் கூழைக் கடந்துவந்த நாங்கள் இங்கேதான் நின்றுவிட்டோம்.

இன்னொரு கூட்டம் உண்டு. குருதி தோய்ந்த கொடித்துணியை உடுத்திப் போர்த்து, தலையை மழித்துக்கொண்டு, நாங்கள் சாக்கியர், தெரியவில்லையா என்று கேட்கிறது. காவியின் நிறம் குருதியால் வந்தது.

இதைப் படித்தவுடன் அசோகன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அதே கலிங்கத்தில், ஏறத்தாழ கி.மு. 261-இல் நடந்த போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள், அதைப்போல் பன்மடங்கினர் மடிந்தார்கள் என்று அவன் தன் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் வருந்திச் சொல்கிறான். செயங்கொண்டாருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அந்த எழுத்துகளை ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்ததே 1837-இல்தான். அசோகனின் சொற்களில் ஒரு துளி இரத்தமும் இல்லை, எண்கள் மட்டுமே. ஆனால் அந்தக் கல்வெட்டைக் கலிங்கத்தில் அவன் பொறிக்கவில்லை. தவுலியிலும் ஜௌகடாவிலும் பதினொன்று முதல் பதின்மூன்று வரையிலான கட்டளைகளை விட்டுவிட்டு, வேறு இரண்டு தனிக்கட்டளைகளை வெட்டுவித்தான். தோற்றவர்களின் நிலத்தில், அவர்கள் இறந்த கணக்கை அவர்களிடமே சொல்ல அவனுக்கு நா எழவில்லை போலும். அரசியல் எச்சரிக்கை என்று கொள்வோரும் எங்களில் உண்டு.

செயங்கொண்டார் எண்ணும் சொல்லவில்லை. தப்பியவர்களின் வேடங்களை முடித்த கையோடு, இவர்களைத் தவிர ஒருவரும் பிழைக்கவில்லை என்கிறார். கலிங்கத்து ஓவியர்கள் சுவரில் எழுதிவைத்த உடல்களைத் தவிர, மற்ற எல்லா உடல்களையும் சோழ வீரர்கள் தேடிப் பிடித்து அறுத்தார்களாம். பேய்களை இன்னும் அவர் களத்துக்கு அழைக்கவில்லை, அடுப்பும் மூட்டப்படவில்லை. சுவர்களும் சித்திரங்களும் மட்டும் நிற்கின்றன.