நான் யார் என்னும் வினா

அயல் மாநிலத்தில் வாழும் நம்மைக் கண்டவர் முதலில் கேட்பது, "உங்களுக்கு எந்த ஊர்?" என்பதே. ஊர், பெயர், உத்தியோகம் ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டால் விடை முடிந்ததென நாமும் அமைதியுறுகிறோம். இம்மூன்றையும் கழித்தபின் எஞ்சுவது யாது என்று வினவியோர் நம் நாட்டில் தொன்றுதொட்டு இருந்துள்ளனர். பிருகதாரணியக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர், ஆன்மா இதுவன்று, இதுவன்று என விலக்கியே அதனை உணர்த்துகிறார். பிற்காலத்தில் அவ்வினாவை எளிய தமிழில் எல்லார்க்கும் உரிய வழியாக்கித் தந்தவர் இரமண மகரிஷி ஆவார்.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியில் தோன்றிய வேங்கடராமன், 1896ஆம் ஆண்டு ஜூலையில் மதுரையில் தம் சிற்றப்பா வீட்டு மாடியில் தனித்திருந்தார். நோய் ஏதுமில்லை, எனினும் மரணபயம் திடீரெனப் பற்றியது. பதினாறு வயதுச் சிறுவரான அவர் எவரையும் அழைத்திலர். பிணம்போற் படுத்து, இவ்வுடல் சாம்பலானால் நானும் மாய்வேனோ என ஆராய்ந்தார். உடல் அழியினும் 'நான்' என்னும் உணர்வு அழியாதெனத் தெளிந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், தமையனாரின் கல்லூரிக் கட்டணத்திற்கென வீட்டில் தந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை நீங்கினார். அவர் கண்ட பழைய தேசப்படத்தில் திருவண்ணாமலைக்கு இரயில் பாதை காட்டப்படவில்லை. ஆகவே 2 ரூபாய் 13 அணாவுக்குத் திண்டிவனத்திற்கே சீட்டு வாங்கினார். இரயிலில் உடனிருந்த மௌல்வி ஒருவர், திருவண்ணாமலையிலேயே நிலையம் உண்டென்றும், விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டுமென்றும் கூறினார். கையிலிருந்த இரண்டரை அணா மாம்பழப்பட்டு வரைதான் செல்லும். பின்னர் நடந்தார், கீழூரில் காதுக் கடுக்கனை ஈடு வைத்து நான்கு ரூபாய் பெற்றார். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை சேர்ந்தார். சீட்டுகளோடும் கட்டணங்களோடுமே காலங்கழிக்கும் எம்போன்ற இரயில்வே குமாஸ்தாக்களுக்கு இவ்வரலாற்றில் தனி நெருக்கம் உண்டு.

மலைக்குகையில் மௌனமாயிருந்த அவரிடம் 1902ஆம் ஆண்டில் வினாக்களை அடுக்கியவரும் ஓர் உத்தியோகஸ்தரே. தென்னார்க்காடு ரெவினியூ இலாகாவைச் சேர்ந்த சிவப்பிரகாசம் பிள்ளை, அலுவல் நிமித்தம் வந்தவர். மகரிஷி எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் 'நான் யார்?' என்னும் சிறுநூலாயின. அதன் முறை எளிது: எண்ணம் எழுந்தால் அதன் பின்னே ஓடாமல், இது யாருக்கு எழுந்தது என்று வினவ வேண்டும். எனக்கு என்று தோன்றும். அந்த நான் யார் என்று மனத்தை அதன் பிறப்பிடத்துக்கே திருப்ப வேண்டும். இது உருப்போடும் மந்திரமன்று.

பிள்ளை 1910ஆம் ஆண்டில் உத்தியோகத்தைத் துறந்தார். எனினும் மகரிஷியோ, இல்லறத்தையும் தொழிலையும் விட வேண்டுமா என்று கேட்டோர் பலர்க்கும், வேண்டியதில்லை என்றே கூறிவந்தார். விட வேண்டியது செய்பவன் நான் என்னும் எண்ணமே என்பது அவர் கருத்து. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அவர் உடல் நீங்கும்வரை அம்மலையைவிட்டு அகன்றிலர்.

சென்ற ஆண்டு எம் தந்தையார் ஊரில் காலமாயினார். இரண்டு இரவுகள் இரயிலில் கழித்துச் சென்றபோது சிதை ஆறிவிட்டிருந்தது. தாயார் முன்னரே மறைந்தவர்; 'மகனே' என எம்மை அழைப்பார் இனி இல்லை. அப்பெயர் போயிற்று, யாம் போகவில்லை. இன்னும் சில ஆண்டுகளில் உத்தியோகப் பெயரும் போகும். அப்போது எஞ்சுபவர் யார்? திரும்பும் வண்டியில் உறங்காமல் இதனையே வினவினோம். விடை கண்டோமெனக் கூறத் துணியோம். ஆனால் துயரின் கடுமை சற்றே தணிந்தது உண்மை.

இவ்வினாவிற்கு விடுப்பு வேண்டா, பயணச் செலவும் வேண்டா. நம் குடியிருப்பிலேயே, விடியற்காலையில் சிறிது நேரம் இதற்கென ஒதுக்கலாம். அன்பர்கள் முயன்று பார்ப்பார்களாக.