மலைப்பாதையும் கூலியில்லாச் சுமையும்

மலைச்சரிவுகளில் மிதிவண்டி ஓட்டுதல் இந்நாளில் உலகின் பல பகுதிகளிலும் இளைஞர் விரும்பும் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. 1970-களில் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், தடித்த டயர் பூட்டிய பழைய வண்டிகளில் டமால்பைஸ் மலையின் மண்பாதைகளில் இறங்கி விளையாடிய இளைஞர் சிலரால் இவ்வழக்கம் பரவலாயிற்று. நம் நாட்டில் இதற்கு ஏற்ற களமாக அமைந்திருப்பது இமயமலை. சிம்லாவிலிருந்து வடகிழக்கே நார்கண்டா, கோட்கட், ராம்பூர், கல்பா என்று நீளும் வழியையும் அதன் கிளைப்பாதைகளையும் நாடி மிதிவண்டிக்காரர் பலர் வருகின்றனர்.

இவ்வழியின் எழிலை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தேவதாரு மரங்கள் அடர்ந்த சரிவு, படிப்படியாக வெட்டிய வயல், கற்பலகை வேய்ந்த வீடு, ஆப்பிள் தோட்டம், கீழே சட்லெஜ் நதி, எதிரே பனிச்சிகரம் என்று காட்சிகள் மாறி மாறி வரும். ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரத்திலுள்ள நார்கண்டாவிலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்திலுள்ள ராம்பூருக்கு இறங்குபவர், ஒரே நாளில் குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டுக்கு வந்துவிட்டதாக உணர்வர். ஆயினும், இப்பாதையை வெட்டியவர் யாவர், இதில் சுமை சுமந்தவர் யாவர் என்ற வினாக்களையும் நாம் கேட்டல் வேண்டும்.

இதன் பழம்பெயர் இந்துஸ்தான்-திபெத்துச் சாலை என்பது. கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹவுசி பிரபுவின் ஆணைப்படி 1850-ஆம் ஆண்டில் இதன் வேலை தொடங்கிற்று. திபெத்திலிருந்து வரும் மெல்லிய கம்பளி முதலிய சரக்குகளின் வாணிபத்தை இந்தியப் பக்கம் திருப்புவது ஒரு நோக்கம். சுமை தூக்கும் கட்டாய வேலையிலிருந்து மலைமக்களை விடுவிப்பது மற்றொரு நோக்கமாகச் சொல்லப்பட்டது. பொதி சுமக்கும் கோவேறு கழுதைகள் செல்லத்தக்க நல்ல பாதை அமைந்துவிட்டால், மனிதன் முதுகில் மூட்டை ஏற்ற வேண்டிய தேவை இராது என்று கருதினர். கருத்து நல்லதே. ஆனால் அப்பாதையை அமைக்கும் பணிக்கே மலைநாட்டுச் சிற்றரசுகள் தத்தம் குடிகளை ஆட்களாக அனுப்ப வேண்டியதாயிற்று.

கட்டாய வேலையும் ஒழியவில்லை. அதற்கு ‘பேகார்’ என்று பெயர். அதிகாரி ஒருவர் சுற்றுப்பயணம் புறப்பட்டால், அவருடைய கூடாரம், பெட்டி, சமையற் பாத்திரம் ஆகியவற்றை அடுத்த தங்குமிடம் வரை சுமக்க வழியிலுள்ள ஊரார் ஆள் தர வேண்டும். விதைப்புக் காலமா, அறுவடைக் காலமா என்ற கேள்விக்கு இடமில்லை. கூலி சொற்பம், பல வேளைகளில் அதுவும் இல்லை. விறகும் புல்லும் பாலும்கூட இவ்வாறே பெறப்பட்டன. இவ்வழக்கம் வெள்ளையர் புதிதாகக் கொணர்ந்ததன்று. மலையரசர்களின் காலத்திலிருந்தே வந்தது. தமிழகத்திலும் சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’, ‘அமஞ்சி’ என்ற சொற்கள் கூலியில்லா வேலையைக் குறிக்கின்றன. ஆங்கில ஆட்சியோ, சிம்லாவைக் கோடைத் தலைநகராக்கிப் பயணிகளைப் பெருக்கியதால், பழைய பாரத்தைப் பன்மடங்காக்கிற்று.

பாதை தொடங்கி எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே இதற்கு எதிர்ப்பு திரண்டது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ் என்பார் 1904-இல் இந்தியாவுக்கு வந்து, கோட்கட் வட்டாரத்தில் குடியேறி, அப்பகுதிப் பெண்ணை மணந்து, உழவராக வாழ்ந்தார். அங்கே ஆப்பிள் பயிரிடுதலைப் பரப்பியவர் என்றே அவரைப் பலரும் அறிவர். ஆனால் 1921-இல் கோட்கட் மக்கள் பேகார் தர மறுத்தபோது அவர்களோடு முன்னின்றவரும் அவரே. ஊர்கள் ஒற்றுமையாக நின்றமையால், அரசு இறங்கிவந்து இவ்வழக்கத்துக்கு வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் ஸ்டோக்ஸ் சிறை புகுந்தார். பின்னர் 1932-இல் இந்து சமயத்தைத் தழுவிச் சத்தியானந்தர் எனப் பெயர் பூண்டார்.

இக்கிளர்ச்சி கோட்கட்டுக்கு மட்டும் உரியதன்று. கிழக்கேயுள்ள குமாவூன் மலைநாட்டிலும் அதே 1921-ஆம் ஆண்டு, ஜனவரி மாதத்தில், பாகேசுவரத்தில் உத்தராயணத் திருவிழாவுக்குப் பெருந்திரளான மக்கள் கூடினர். எந்த ஊர் எத்தனை ஆள் தர வேண்டும் என்பதைக் குறித்து வைத்த பதிவேடுகள் ஊர்த்தலைவர்களின் கையில் இருந்தன. பத்ரி தத் பாண்டே முதலியோர் தலைமையில், இனிச் சுமை தூக்குவதில்லை என்று மக்கள் உறுதி கூறி, அப்பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தனர். ஏடுகள் போனபின், யாரை அழைப்பது என்று அதிகாரிகளுக்குக் கணக்கு இல்லாமற் போயிற்று.

1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய வேலையைத் தடை செய்கிறது. அப்பிரிவின் ஆங்கில வாசகத்திலும் ‘பேகார்’ என்ற சொல் பெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கிறது. வேறு சொல்லால் அதன் பொருளை முற்றும் உணர்த்தல் அரிது. அச்சொல்லைக் கேட்டதும் தன் துன்பம் இன்னதென மலைமகன் அறிவான். சட்டத்தை மொழிபெயர்க்கும் எவரும் இங்கே சற்று நின்றே செல்வர்.

பின்னாளில் மோட்டார் சாலைகள் வந்தன. பல இடங்களில் நெடுஞ்சாலை பள்ளத்தாக்கின் அடியில் அமைய, பழைய பாதையின் துண்டுகள் மேலே காட்டோரமாக எஞ்சின. வண்டிப் போக்குவரத்துக் குறைந்த அத்தகைய தடங்களையே மலைமிதிவண்டிக்காரர் விரும்புகின்றனர். ஏற்றம் பெரும்பாலும் மிதமாக இருப்பதால் மிதிப்பதற்கு ஏற்றது என்பர். அம்மிதம், சுமையோடு நடக்கும் விலங்குக்கும் மனிதனுக்கும் ஏற்பக் கணித்து வெட்டியதால் வந்ததாகும்.

நல்ல சாலை அமைந்தால் அடிமை வேலை தானே ஒழியும் என்று 1850-இல் நம்பினர். அது ஒழியத் தொடங்கியது, சுமந்தவர்களே ஒன்றுகூடி மறுத்தபோதுதான். இன்று அவ்வழியே செல்பவர், ஏற்றத்தில் துணைக்கு ஆள் வேண்டுமெனின் கூலியை முன்னதாகப் பேசி முடித்தல் வேண்டும். ‘இன்று வயலில் வேலை இருக்கிறது, வர இயலாது’ என்று அவர் கூறின் அதனை மதித்தல் வேண்டும். அவ்வாறு கூறும் உரிமைக்காகவே அவருடைய பாட்டனார் அன்று மறுத்து நின்றனர்.